ஒரு சிலையின் விலையும் ஒரு லட்சம் பெயர்களும்: அமெரிக்க மானுடப்புல நிதியத்துக்குத் திறந்த மடல்

மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியத்தின் தலைவர் அவர்களுக்கும், மானிய விண்ணப்பங்களைப் படித்து முடிவு சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரத்தில் குடியிருக்கும் தமிழன். பிழைப்புக்கு டேட்டாபேஸ் வேலை. வரலாறு படித்தவன் அல்ல. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கு மானியம் தரும் உங்கள் நிதியம் வரிப்பணத்தில் ஓடுகிறது, அதில் என் பங்கும் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். தமிழில் எழுதுவதால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களோடு சேர்த்து என் ஊர்க்காரர்களும் இதைப் படிக்கவேண்டும். அமெரிக்காவில் இருபது வருடம் இருந்து, வரி கட்டி, வீடு வாங்கி, இந்த மண்ணின் கதையை மட்டும் எட்டிப் பார்க்காதவர்கள் எங்களில் நிறையப் பேர்.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சில் நிறுத்தினீர்கள். வேலை பாதியில் இருந்தவர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக மின்னஞ்சல் போனது. அதே மாதக் கடைசியில், நாட்டின் 250ஆம் ஆண்டுக்காக 'அமெரிக்க நாயகர்கள் தேசியத் தோட்டம்' ஒன்று அமைக்கப்போகிறோம், 250 சிலைகள் வேண்டும், ஒரு சிலைக்கு 2,00,000 டாலர் வரை தருவோம் என்று சிற்பிகளைக் கூப்பிட்டீர்கள். மானியங்களை நிறுத்தியதை எதிர்த்து அமெரிக்க வரலாற்றுச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் மே மாதம் வழக்குப் போட்டன. சட்டப்படி சரியா, தவறா என்பது நீதிபதிகள் பாடு. அதில் நான் தலையிடவில்லை. உங்கள் பழைய பணத்தில் ஒரு துளி எங்கள் மாநிலத்தில் என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு க்வெண்டோலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாளரின் கதையைச் சொல்லவேண்டும்.

ஹால் 1929இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா யூதர், வழக்கறிஞர். தொழிலாளர்களுக்காகவும் கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் வழக்காடியவர். பேருந்தில் உட்காரும் இடம் தொடங்கி எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம். அந்த ஊரில் கறுப்பு, வெள்ளை இளைஞர்கள் சேர்ந்து இயங்கிய அமைப்பில், பள்ளிப் பருவம் முடிந்தும் முடியாத வயதிலேயே ஹால் இருந்தார். 1956இல் ஹாரி ஹேவுட் என்ற கறுப்பினக் கம்யூனிஸ்ட் தலைவரைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் லூசியானா சட்டப்படி குற்றம். அப்புறம் நடந்ததை ஊகிப்பது சிரமமில்லை: எஃப்.பி.ஐ. பின்தொடர்ந்தது, வேலைகள் நிலைக்கவில்லை, சில காலம் மெக்சிகோவில் வாழ்ந்து அங்கேயே பட்டப்படிப்பை முடித்தார். முனைவர் பட்டம் மிஷிகன் பல்கலைக்கழகத்தில், 1970இல். வயது நாற்பதைத் தொட்டிருந்தது, மூன்று பிள்ளைகள். அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கால் நூற்றாண்டு லத்தீன் அமெரிக்க, கரீபிய வரலாறு கற்பித்தார். முதல் புத்தகம் பிரெஞ்சுக்காரர்களின் செயின்ட் டொமிங்குவிலும் (இன்றைய ஹைட்டி) ஸ்பானியரின் கியூபாவிலும் அடிமைகளை எப்படி அடக்கி வைத்தார்கள் என்ற ஒப்பீடு. நல்ல புத்தகம்தான், ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல.

காலனிய அமெரிக்கா என்றால் பலருக்கு மாசசூசெட்ஸும் வர்ஜீனியாவும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயரின் பதின்மூன்று காலனிகள், தேநீர்ப் பெட்டிகள், வாஷிங்டன். மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தில் முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பிறகு ஸ்பானியர்களும் ஆண்ட இன்னொரு காலனிய அமெரிக்கா இருந்தது. அதன் காகிதங்கள் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இருந்ததால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த வரலாற்றாளர்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. ஹாலுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

1984இல் அவர் பாயின்ட் கூப்பி பாரிஷின் கோர்ட்ஹவுஸுக்குப் போனார். (எங்கள் மாநிலத்தில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். கத்தோலிக்க காலத்து மிச்சம்.) நியூ ரோட்ஸ் என்ற சிற்றூரில், ஃபால்ஸ் ரிவர் ஏரிக்கரையில் இருக்கிறது அந்தக் கட்டடம். மிசிசிப்பி தடம் மாறிப்போனபோது விட்டுப்போன பழைய ஆற்றுத் துண்டுதான் அந்த ஏரி. ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டப் போகிறவர்கள் கோர்ட்ஹவுஸைத் தாண்டித்தான் போவார்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தப் பகுதியில் 1795இல் அடிமைகள் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டு, தலைகளை வெட்டி ஆற்றோரமாகக் கம்பங்களில் அறைந்து வைத்தார்கள். அந்தக் கிளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாலுக்கு அங்கே கிடைத்தது அதைவிடப் பெரியது: அடிமைகளை விற்றது, வாங்கியது, அடமானம் வைத்தது, முதலாளி செத்ததும் சொத்துக் கணக்கெடுத்தது என்று கட்டுக்கட்டாகப் பத்திரங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, கைத்தொழில், உடல்நிலை, தாய் யார், பிள்ளை யார், விலை எவ்வளவு. இவற்றோடு, ஆங்கிலக் காலனிகளின் காகிதங்களில் அநேகமாகக் கிடைக்காத ஒரு தகவலும் இருந்தது. ஆப்பிரிக்காவில் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்பது. பம்பாரா, வோலோஃப், மண்டிங்கா, ஃபுலானி, இக்போ, கொங்கோ.

இவ்வளவு விவரமாக ஏன் எழுதினார்கள்? இரக்கத்தால் அல்ல. நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில்லையா, அதே கதை. லூசியானாவின் சட்டம் அடிமையை அசையாச் சொத்து என்று வகுத்தது. வீட்டையும் காட்டையும் விற்பதுபோல நோட்டரி முன்னால் பத்திரம் எழுதித்தான் மனிதனை விற்கவேண்டும். குறையை மறைத்து விற்றிருந்தால் வாங்கியவர் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யலாம். என்னென்ன குறை என்று சட்டமே பட்டியல் போட்டது: தொழுநோய், பித்து, காக்காய் வலிப்பு, அப்புறம் குணக்கேடு என்ற வகையில் திருட்டு, ஓடிப்போதல். ஆகவே பின்னால் வழக்கு வரக்கூடாது என்று பயந்து, 'இவன் ஓடிப்போகிறவன்' என்று விற்கிறவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எழுதிய அந்த வரிதான், ஓடிப்போகத் துணிந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி.

உங்கள் மத்திய அரசாங்கம் அதே காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் என்ன செய்தது என்றும் பாருங்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆண் பெண், நிறம். பெயர் எழுத வேண்டியதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அதனால் தங்கள் மூதாதையரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் 1870 கணக்கெடுப்பு வரைதான் சுலபமாகப் போகமுடியும். அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. வம்சாவளி தேடுகிறவர்கள் இதை '1870 சுவர்' என்கிறார்கள்.

ஹால் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தார். லூசியானாவின் பாரிஷ் பாரிஷாக, நியூ ஆர்லியன்ஸின் நோட்டரி ஆவணங்கள், பிரான்சிலும் ஸ்பெயினிலும் இருந்த காப்பகங்கள் என்று போய், சில உதவியாளர்களோடு பத்திரங்களைப் படித்துப் படித்து ஒவ்வொரு மனிதரையும் ஒரு பதிவாக ஏற்றினார். இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1719இலிருந்து 1820 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். விடுதலை பெற்ற நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் தனித் தொகுப்பில். என் தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன்: இந்த மாதிரி வேலையில் கஷ்டம் கணினியில் இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய நோட்டரியின் கிறுக்கல் கையெழுத்து, ஒரே ஆளின் பெயரை பிரெஞ்சு எழுத்தர் ஒரு மாதிரியும் ஸ்பானிய எழுத்தர் ஒரு மாதிரியும் எழுதியிருப்பது, ஒரே பெண் மூன்று முறை விற்கப்பட்டிருந்தால் அது மூன்று பெண்களா ஒருத்தியா என்பது, இவைதான் உயிரை வாங்கும். ஹால் ஒவ்வொரு பதிவோடும் அது எந்த ஆவணத்திலிருந்து, எந்தத் தேதியில், எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து வைத்தார். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் மூலத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். எங்கள் அலுவலகங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டே பலர் இதைச் செய்வதில்லை.

1990களில் இந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் உங்கள் நிதியமும் ஒன்று.

இடையில், 1992இல், பிரெஞ்சுக் கால லூசியானாவின் ஆப்பிரிக்கர்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்தது. அப்போது வயது 63. பரிசுகள் குவிந்தன. பல விஷயங்களைச் சொன்னது அந்தப் புத்தகம். எனக்கு மறக்காதவை இரண்டு. பிரெஞ்சு ஆட்சியில் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்த 23 அடிமைக் கப்பல்களில் 16, செனகல் ஆறும் காம்பியா ஆறும் பாயும் செனகாம்பியப் பகுதியிலிருந்து வந்தவை. ஆக, லூசியானாவுக்கு வந்தவர்கள் கண்ட கண்ட கரைகளிலிருந்து அள்ளிவந்த பெயரற்ற கூட்டம் அல்ல. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியக்கூடிய, சேர்ந்து ஒரு பண்பாட்டைக் கட்டக்கூடிய மக்கள். மற்றொன்று நெல். முதல் கப்பல்களின் தலைவர்களுக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவில், விதைநெல்லையும் நெல் சாகுபடி தெரிந்த ஆட்களையும் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருந்தது. சேற்றில் கால் வைக்காத பிரெஞ்சுக்காரர்களின் காலனி அந்த அறிவைத் தின்றுதான் பிழைத்தது. 'உடல் உழைப்புக்காகக் கொண்டுவந்தார்கள்' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். களவாடியது உழவு அறிவையும் சேர்த்துத்தான்.

அந்தக் கம்பெனி எது என்று சொன்னால் என் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. புதுச்சேரியை வைத்திருந்த அதே கம்பெனி. 1731இல் லூசியானாவை மன்னரிடம் திருப்பிக் கொடுக்கும்வரை செனகலும் லூசியானாவும் புதுச்சேரியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தன் நாட்குறிப்பைத் தொடங்கினாரே, அவர் துபாஷியாக வேலை பார்த்ததும் அதே முதலாளிகளிடம்தான். சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்கக் கொடுத்த சரக்குகளில் ஒன்று. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹால் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 'பம்பாரா' என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதியவர்கள் எல்லோரும் உண்மையில் பம்பாராதானா, அது வியாபாரிகள் ஒட்டிய சீட்டா என்று மற்ற வரலாற்றாளர்கள் கடுமையாகவே கேட்டார்கள். எனக்கும் சில இடங்களில் அவர் கொஞ்சம் அதிகமாகவே உறுதியாகப் பேசுகிறார் என்று தோன்றியதுண்டு. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள்: தன் முடிவை எதிர்ப்பதற்குத் தேவையான சரக்கையும் எதிராளி கையில் கொடுத்தவர் அவர். 2000இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் முழுத் தொகுப்பையும் சிடியாக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்குப் பிறகு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பத்து வருடம் சேர்த்த தரவைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு கட்டுரை கட்டுரையாகப் பிழியும் பேராசிரியர்கள் எந்த நாட்டில்தான் இல்லை? இவர் மொத்தத்தையும் தெருவில் வைத்தார்.

அதன் பலனைக் கல்லில் பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆற்றோடு மேலே வந்தால், செயின்ட் ஜான் த பாப்டிஸ்ட் பாரிஷில் விட்னி பண்ணை இருக்கிறது. முதலாளி மாளிகையின் மகிமையைப் பாடாமல் அடிமைகளின் வாழ்வைச் சொல்லும் அருங்காட்சியகமாக 2014இல் திறந்தது. அங்கே ஹாலின் பெயரையே வைத்து ஒரு நினைவிடம்: கருங்கல் பலகைகள் பதித்த சுவர்கள், அவற்றில் அவருடைய தொகுப்பிலிருந்து 1,07,000 பெயர்கள். ஜான், மேரி, லூயி என்று முதலாளிகள் வைத்த பெயர்களுக்கு நடுவே சாம்பா, கும்பா, ஃபாத்திமா என்று ஊரிலிருந்து கூடவே வந்த பெயர்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரைக் கூட்டிப்போயிருந்தேன். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தவர், "இவங்களுக்கெல்லாம் அப்பா பேர் போடலையா, தம்பி?" என்று கேட்டார். பத்திரத்திலேயே பெரும்பாலும் தாயின் பெயர்தான் இருக்கும், ஏனென்றால் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, சட்டத்துக்கு அதுதான் தேவை என்றேன். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. வெயிலில் நின்று அடுத்த பலகையைப் படிக்கப் போய்விட்டார்.

இப்போது நீங்களே ஒரு கணம் யோசியுங்கள். ஹாலின் விண்ணப்பம் இன்று உங்கள் மேசைக்கு வருகிறது. விண்ணப்பதாரருக்கு அறுபது வயது. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். கணவர் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். பொருள் அடிமைமுறை. கேட்பது சிற்றூர்க் கோர்ட்ஹவுஸ்களில் உட்கார்ந்து பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்ற ஐந்தாறு வருடத்துக்கான பணம். கடைசியில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், 'ஒரு பட்டியல்' என்பார். நாட்டின் பெருமை எங்கே என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, அன்று யாரும் கேட்கவில்லை. இன்றைய உங்கள் அளவுகோலில் இந்த விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டுமா?

சிலைகளுக்கு நான் விரோதி அல்ல. மெரினாவில் வரிசையாகச் சிலை பார்த்து வளர்ந்தவன். ஆனால் சிலை வைப்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பெயருக்கு. அந்தப் பெயர் சிலை இல்லாவிட்டாலும் அழியாது. பத்திரக் கட்டில் கிடக்கும் பெயர் அப்படியா? கோர்ட்ஹவுஸ் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தால் போயிற்று. லூசியானாவில் தண்ணீர் புகுவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, என் தொழில் சார்ந்தது. 2000இல் வந்த சிடியைப் போட்டுப் பார்க்க இன்று என் வீட்டில் கருவி கிடையாது. உங்கள் அலுவலகத்திலும் தேடவேண்டியிருக்கும். ஹாலின் தொகுப்பு பிழைத்ததற்குக் காரணம், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இலவச இணையக் காப்பகம் அதை ஏற்று வைத்ததும், பிறகு மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அட்லாண்டிக் அடிமைமுறைத் தரவுகளை இணைக்கும் திட்டத்துக்குள் அது சேர்ந்ததும்தான். எண்பது வயதைத் தாண்டியும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை பார்த்தார் அவர். 2022 ஆகஸ்டில், மெக்சிகோவின் குவானஹுவாடோவில், 93 வயதில் காலமானார். புதிதாகத் தொகுப்பதற்குப் பணம் கேட்டால் கொடுக்கச் சிலர் உண்டு. தொகுத்ததை முப்பது வருடம் உயிரோடு வைத்திருக்கப் பணம் கேட்டால் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அரசு நிதி தேவைப்படுவதே அந்த இடத்தில்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏப்ரலில் நிறுத்தியவற்றில் ஆவணங்களைப் படித்துப் பட்டியலிடும் திட்டங்கள் எத்தனை என்று எடுத்துப் பாருங்கள். வழக்கு என்ன ஆனாலும் அவற்றை மறுபடி ஓடவிடுங்கள். பாதியில் நிற்கும் தரவுத்தளம் பாதிப் பயன்கூடத் தராது, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வேலைக்கு ஓராண்டு, ஈராண்டு என்று இல்லாமல் நீண்ட காலத்துக்கு மானியம் ஒதுக்குங்கள். பராமரிப்புச் செலவை விண்ணப்பத்திலேயே தனித் தலைப்பாகக் கேட்க இடம் கொடுங்கள்.

அதோடு, ஹால் 1820இல் நிறுத்திக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸ் இந்த நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தையானது அதற்கப்புறம்தான். வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் கப்பல் கப்பலாகவும், நடத்தியும் கொண்டுவந்து விற்றார்கள். 1865 வரைக்குமான அந்த நாற்பத்தைந்து ஆண்டுப் பத்திரங்கள் நியூ ஆர்லியன்ஸின் நோட்டரி காப்பகத்திலும் பாரிஷ் கோர்ட்ஹவுஸ்களிலும் இருக்கின்றன. கப்பல் பட்டியல்களிலிருந்து சிலர் வேலையைத் தொடங்கியும்விட்டார்கள். ஆனால் நோட்டரிப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சிலரின் ஆர்வம் மட்டும் போதாது. பிரெஞ்சுக் கையெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஒரு சிலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகையில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேருக்கு ஒரு வருடம் சம்பளம் கொடுக்கலாம். அடுத்த சுற்று மானிய அறிவிப்பில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
பேட்டன் ரூஜிலிருந்து வரி கட்டும் தமிழன் ஒருவன்